கல்லேரிக்குப் போன சைக்கிள்

கல்லேரியில் சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மாள் 1998 மே மாதத்தோடு ஓய்வு பெற்றார். புதிய ஆள் வரும்வரை அந்த மையத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி அடி அண்ணாமலை மையத்தின் அமைப்பாளர் ரேணுகாம்பாளுக்குக் காகிதம் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே நாலு மைல். பஸ் உண்டு. காலை ஏழு மணிக்கு ஒன்று, பகல் ஒன்றரைக்கு ஒன்று. இரண்டுமே சோறாக்கும் வேலைக்கு உதவாத நேரம்.

அரிசியும் பருப்பும் வைத்திருக்கும் அறையின் சாவி அமைப்பாளரிடம்தான் இருக்கும். அவர் வந்து, அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, அதற்கேற்ப அளந்து கொடுத்தால்தான் சமையல்காரி அடுப்பு மூட்டலாம். ரேணுகாம்பாள் தன் ஊரில் எட்டரைக்கு அளந்து கொடுத்துவிட்டு நடந்தால் கல்லேரி போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிடும். விறகடுப்பில் அறுபது பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் இறங்கும்போது மணி ஒன்றேகால் ஆகிவிடும். பள்ளியில் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு அடிக்கும். மணி அடித்தும் சோறு ஆகவில்லை என்றால் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அப்படிப் போனதில் பாதி மதியத்துக்கு மேல் திரும்பி வராது.

மற்ற ஊர் அமைப்பாளர்கள் சுலபமான வழி சொன்னார்கள். மூன்று நாளைக்குச் சேர்த்து அளந்து சமையல்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதாதா? ரேணுகாம்பாளுக்கு அது சரிப்படவில்லை. மூன்று நாள் அரிசி சமையலறை மூலையில் கிடந்தால் இரண்டரை நாள் அரிசியாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு எலி காரணமா, ஆள் காரணமா என்று துப்புத் துலக்க அவளுக்கு விருப்பம் இல்லை. இதை முழுக்க நேர்மை என்று சொல்லிவிட முடியாது. பாதி பிடிவாதம்.

ஜூன் முதல் வாரத்திலேயே ஒன்றிய அலுவலகத்து அதிகாரி கல்லேரிக்கு வந்து, மணி ஒன்றாகியும் காலித் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். சத்தம் போடுகிறவர் இல்லை அவர்.

"ஒரு மாசம் பாருங்கம்மா. முடியலன்னா முடியலன்னு எழுதிக் குடுத்துடுங்க. பக்கத்து ஊர்ல ஆக்கி, அண்டாவுல கொண்டாந்து ஊத்துறதுக்கு ஏற்பாடு பண்றேன்."

அண்டாவில் வரும் சோறு எப்படி இருக்கும் என்பதை ரேணுகாம்பாள் யோசித்தாள். அடுப்பருகே நின்ற சமையல்காரி பாஞ்சாலை வேறொன்றை யோசித்தாள். கல்லேரி அடுப்பு அணைந்தால் அவள் வேலையும் அதோடு போயிற்று.

"டீச்சர், நீங்க இன்னா சொல்றீங்க?" என்றாள் பாஞ்சாலை, அதிகாரி போன பிறகு.

"சைக்கிள் கீது வூட்ல. பாக்கலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தச் சைக்கிளை அவள் தொட்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

அறிவொளி இயக்கம் ஊர் ஊராக எழுத்துச் சொல்லிக் கொடுத்த காலத்தில், முப்பத்தெட்டு வயதில், ரேணுகாம்பாள் சைக்கிள் கற்றுக்கொண்டாள். மாலையில் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பெண்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார், எடுத்தார்கள். மூன்று மாதம் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த மூன்று மாதம் ஊரார் வாயில் புகுந்து புறப்பட்டபோது ஆயுள் முழுவதும் என்றாகியிருந்தது. தையல் பிரிந்துவிடும், குடல் இறங்கிவிடும் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இனி இயலாது என்று அவளும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து அறிவொளியிலிருந்து விலகிக்கொண்டாள். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது முறை அதே வாக்கியத்தை எழுத வேண்டும் என்றபோதுதான் முதல் முறை எழுதியது உறைத்தது.

மாட்டுக் கொட்டகையிலிருந்து சைக்கிளை இழுத்துப்போட்டுக் கழுவினாள். கிரிவலப் பாதையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் சக்கரவர்த்தி, சாப்பிட வந்தவர், நின்று பார்த்தார்.

"இன்னா ரேணு, தேரைக் கழுவுற? தீபத்துக்கு இன்னும் அஞ்சு மாசம் கீதே."

"வடம் புடிக்க உங்களத்தான் கூப்பிடப் போறேன். அந்தப் பம்ப எடுத்துனு வாங்க."

கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. பெடலை இரண்டு சுற்றுச் சுற்றியதுமே சைக்கிள் அவள் பேச்சைக் கேட்டது. எட்டரைக்குக் கிளம்பி ஒன்பதேகாலுக்குக் கல்லேரி. அன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்குச் சோறு தட்டில் விழுந்தது. பாஞ்சாலை நாலு பேருக்குக் கேட்கும்படி, "எங்க டீச்சர் ஏரோப்ளேன்ல வராங்க" என்றாள்.

மூன்றாம் நாள் உட்கார முடியவில்லை.

பழைய சீட்டை எலி கடித்துவிட்டிருந்ததால், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளிச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜியாவுல்லாவிடம் புதிய சீட் மாட்டியிருந்தாள். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்று சொல்லி அதை அடிமட்டத்துக்கு இறக்கவும் வைத்திருந்தாள். விழுந்தால் தையல் பிரியும் என்ற பயம் உள்ளே இருந்தது. இப்போது உட்காரும் இடத்து எலும்புகள் இரண்டும் வலித்தன. அவற்றுக்கு நடுவில் அதைவிட மோசமாக எரிந்தது. மறுபடியும் ஜியாவுல்லா கடைக்குப் போனாள்.

"சீட் சரியில்ல பாய்."

"இன்னா பண்ணுது டீச்சரம்மா?"

"வலிக்குது."

"எங்க?"

ரேணுகாம்பாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "இடுப்பு" என்றாள்.

அந்த இடத்துக்கு அவளிடம் சொல் இல்லை. வசவாகச் சொல்லும் சொல் உண்டு, டாக்டர் சொல்லும் சொல் உண்டு. சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு பெண் சொல்லக்கூடிய சொல் அவள் பேசும் பாஷையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் உடல் உறுப்புகளைப் பாடம் நடத்துகிற வாத்தியாரும் இடுப்பிலிருந்து நேராக முழங்காலுக்குத் தாவிவிடுகிறார்.

ஜியாவுல்லா தொழில் தெரிந்தவர். இடுப்பு வலிக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் சரியாகவே செய்தார். இளக்கமான ஸ்பிரிங் போட்டார், மேலே தடிமனான ஸ்பாஞ்சு வைத்து உறை தைத்து மாட்டினார். கையால் அமுக்கிப் பார்த்தபோது ரேணுகாம்பாளுக்கே ஆசையாக இருந்தது. கல்லேரி போய்ச் சேருவதற்குள் அந்த ஆசை தீர்ந்தது. எலும்புகள் ஸ்பாஞ்சில் அமிழ, நடுவில் இருந்தது மேலே எழும்பி வந்து குத்தியது.

"இப்ப இடுப்பு எப்படிமா?" என்று கேட்டார் ஜியாவுல்லா, அடுத்த முறை.

"முதுகு வலிக்குது."

வலி சொல்லில் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. அவர் ஹேண்டில்பாரை உயர்த்தினார். நிமிர்ந்து உட்கார்ந்ததில் பாரம் முழுவதும் சீட்டின் மேலேயே இறங்கியது. அதற்கும் அடுத்த முறை அவர் கடையில் கிடந்த ஒரு பழைய மொபெட்டின் அகலமான சீட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்துக் கிளாம்பை மாற்றி, அதையே சைக்கிளில் ஏற்றிவிட்டார்.

"இதுக்கு மேல சொகுசு வேணும்னா பல்லக்குதான்."

கல்லேரிப் பிள்ளைகள் தெருமுனையிலேயே பார்த்துவிட்டன. "டீச்சர் சோபாவுல வராங்கடோய்!" சோபா தொடைகள் இரண்டையும் உள்பக்கமாக அறுத்துவிட்டிருந்தது. ஜூன் மூன்றாவது வாரத்தில் ரேணுகாம்பாள் பாதித் தூரம் ஏறிப் போனாள், பாதித் தூரம் தள்ளிக்கொண்டு நடந்தாள். சோறு இறங்கும்போது மறுபடியும் மணி ஒன்றாயிற்று. வாசலில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. பாஞ்சாலை இப்போது ஏரோப்ளேன் என்று சொல்வதில்லை. டீச்சர் முகத்தைப் பார்ப்பாள், பிறகு அடுப்பைப் பார்ப்பாள்.

"எழுதிக் குடுத்துடேன்" என்றார் சக்கரவர்த்தி. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. "நீ இல்லன்னா ஒலகம் நின்னுடுமா?"

"ஒலகம் நிக்காது. அந்த அடுப்பு நின்னுடும்."

"வேற யாராச்சும் பாத்துக்குவாங்க."

"யாரு?"

பதில் இருந்திருந்தால் அவளே அதை முதலில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இருந்தும், அந்தச் சனிக்கிழமை அவள் முடிவு கட்டியாயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு நடந்தாள். மொபெட் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளையும் யாருக்காவது தள்ளிவிடச் சொல்ல வேண்டும். ஜியாவுல்லா ஒரு வெள்ளைக்காரருக்கு வாடகைச் சைக்கிளில் காற்றடித்துக்கொண்டிருந்தார். கடையும் வீடும் ஒன்றுதான். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அஜ்மத் பேகம் ஜாக்கெட் தைப்பாள். தையல் மிஷின் சத்தம் நின்றது. திரை விலகியது.

"டீச்சரம்மா, கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளே போனதும் அஜ்மத் பேகம் திரையை இழுத்துவிட்டாள்.

"இடுப்பு வலின்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆமா பாயம்மா."

"பொய். இடுப்பு வலிக்கிறவங்க இடுப்புல கைய வச்சினு வருவாங்க. நீங்க வாத்து மாதிரி வர்றீங்க."

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சொல்ல ஆரம்பித்தாள், சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை. எங்கே வலிக்கிறது, எங்கே எரிகிறது, எங்கே தோல் உரிந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். கூடவே ஆபரேஷனையும் கல்லேரியையும் பாஞ்சாலையையும் எழுத வேண்டிய காகிதத்தையும் சொன்னாள். ஊர்ப் பெண்கள் வந்து நின்று அளவு கொடுக்கிற அறை அது. அங்கே அஜ்மத் பேகம் இதைவிடப் பெரிய கதைகளையெல்லாம் கேட்டிருந்தாள்.

"இவ்ளோதானே? சட்டைக்கு அளவு எடுக்காம தச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும். அந்த மனுசன் இதுவரைக்கும் யாரையாச்சும் அளவு எடுத்து சீட் மாட்டியிருக்காரா?"

"இதுக்கு எப்படி அளவு எடுப்பாங்க?"

அஜ்மத் பேகமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்புறத்தில் குளியலறைத் தரை பூசுவதற்காக மணல் கொட்டி வைத்திருந்தார்கள். முந்தின நாள் மழையில் அது நனைந்து கிடந்தது. மேட்டைக் கையால் தட்டிச் சமமாக்கினாள், மேலே பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்தாள்.

"உக்காருங்க. சைக்கிள்ல உக்கார்ற மாதிரி, லேசா முன்னாடி சாஞ்சு."

"ஐயோ, போங்க."

"கதவு சாத்தியிருக்கு. உக்காருங்க டீச்சரம்மா."

நாற்பத்து நாலு வயதில் ரேணுகாம்பாள் மணலில் உட்கார்ந்து எழுந்தாள். தாளை விலக்கிப் பார்த்தபோது மணலில் இரண்டு சின்னக் குழிகள் இருந்தன. கொட்டாங்கச்சி பதிந்த மாதிரி. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இவ்ளோதானா?" என்றாள் ரேணுகாம்பாள். தன் உடம்பின் பாரம் முழுவதையும் இத்தனை வருடமாக இந்த இரண்டு குழியளவு இடம் தாங்கி வந்திருக்கிறது என்பது நம்பும்படியாக இல்லை.

அஜ்மத் பேகம் தையல் நூலை எடுத்து ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குப் பிடித்து, இரண்டு இடத்திலும் முடிச்சுப் போட்டாள். டேப்பை அவள் எப்போதாவதுதான் எடுப்பாள். ஜாக்கெட்டுக்கும் நூல்தான், முடிச்சுதான். பிறகு கடைப்பக்கத் திரையின் ஓரமாகக் கையை நீட்டினாள்.

"இந்தாங்க. அளவு."

"எதோட அளவு?" என்றது ஜியாவுல்லாவின் குரல்.

"சீட் அளவு. முடிச்சு ரெண்டும் சீட் மேல நல்லா உக்காரணும். ஓரத்துல தொங்கக் கூடாது. நடுவுல ஒண்ணும் அழுத்தக் கூடாது. கேள்வி கேட்டீங்கன்னா ராத்திரிக்குச் சோறு இல்ல."

ஜியாவுல்லா கேள்வி கேட்கவில்லை. ரேணுகாம்பாளுக்குத் தான் முதலில் மாட்டிய அதே ரகச் சீட்டின் மேல் நூலை வைத்துப் பார்த்தார். இரண்டு முடிச்சும் விளிம்புக்கு வெளியே தொங்கின. அவர் நூலை நேராக்கி மறுபடியும் வைத்துப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாகச் சீட் மாட்டுகிறவர். மொபெட் சீட்டில் வைத்தார். முடிச்சுகள் நன்றாகவே உட்கார்ந்தன. ஆனால் முன்பக்கமும் அதே அகலம். "தொடை எங்க போவும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கூரையிலிருந்து கம்பியில் தொங்கிய பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். எடைக்கு வந்த ஒரு லேடீஸ் சைக்கிளின் தோல் சீட் கிடைத்தது. பின்பக்கம் அகலம், முன்பக்கம் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. நெடுநாள் யாரோ உட்கார்ந்து நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. முடிச்சுகள் இரண்டும் அதில் சரியாக அமர்ந்தன.

ரேணுகாம்பாள் வெளியே வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பலகை மாதிரி கீதே பாய்."

"மெத்த வேணுமா, சீட் வேணுமா?" என்றார். அவர் கண் நூலை விட்டு நகரவில்லை. "முடிச்சுக்குக் கீழ கெட்டியா இருக்கணும் டீச்சரம்மா. மெத்துனு இருந்தா முடிச்சு உள்ள எறங்கிடும். அப்ப நடுவுல கீறது..." நிறுத்தினார். "நூலு தொய்ஞ்சுடும்."

"ஆமா பாய். நூலுதான் ரொம்ப எரியுது" என்றாள் ரேணுகாம்பாள்.

திரைக்கு அந்தப் பக்கம் அஜ்மத் பேகம் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு மூவருக்கும் பேச்சு சுலபமாகிவிட்டது. முடிச்சு என்றார்கள், நூல் என்றார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பேச முடிந்தது. முன்பக்கத்தை ஒரு சின்ன அளவு கீழே சாய்த்தால் நூலுக்கு நல்லது என்று ஜியாவுல்லாவுக்கே தோன்றியது. சாய்த்தார். அடுத்து ஸ்பேனரோடு சீட்டை மேலே தூக்கப் போனபோதுதான் சண்டை வந்தது.

"வேணாம் பாய். கால் எட்டாது."

"எட்டக் கூடாதும்மா. இந்தக் கடைக்கு வெள்ளைக்காரங்க வந்தா சீட்டை ஏத்தச் சொல்றாங்க, நம்ம சனம் வந்தா எறக்கச் சொல்லுது. பாதி நாள் இந்த ஸ்பேனரைப் புடிச்சே போவுது. நீங்க எறக்கி உக்காந்தா பாரம் மொத்தம் முடிச்சு மேல. ஏத்தி உக்காந்தா கால் நீட்டி மிதிக்கும், பாதி பாரம் பெடலுக்குப் போயிடும். நீங்க சைக்கிள் ஓட்டப் போறீங்களா, நிக்கப் போறீங்களா?"

"விழுந்துட்டேன்னா?"

அவருக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து அஜ்மத் பேகம்தான் தீர்ப்புச் சொன்னாள். "ஒரே நாள்ல ஏத்தாதீங்க. தினம் ஒரு விரல்."

அப்படியே நடந்தது. ஸ்பேனரை ரேணுகாம்பாளிடமே கொடுத்து அனுப்பினார் ஜியாவுல்லா. தினமும் காலையில் அவள் ஆள்காட்டி விரலைச் சீட்டுக்குக் கீழிருந்த கம்பியில் வைத்து, ஒரு விரல் உயர்த்தி, போல்ட்டை முடுக்கினாள். முதல் நாள் எலும்புகள் நன்றாகவே வலித்தன. புதிய சீட் ஒன்றும் அற்புதம் செய்துவிடவில்லை. ஆனால் நடுவில் எரியவில்லை. இரண்டாம் நாளும் வலி இருந்தது, சற்றுக் குறைவாக. உரிந்த தோல் ஆறிக்கொண்டு வந்தது.

நாலாம் விரலில் அவள் விழுந்தாள். கல்லேரிக்கு முன்னால் வரப்போரம் ஆட்டு மந்தை குறுக்கே வர, பிரேக் பிடித்துக் காலை ஊன்றப் பார்த்தாள். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. சைக்கிள் மெல்லச் சாய்ந்து, உழுது போட்டிருந்த கொல்லையில் அவளைக் கிடத்திவிட்டது. நாலு வருடமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்தேவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். எதுவும் பிரியவில்லை, எதுவும் இறங்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, புடவையில் செம்மண். அவள் கண்ணாகக் காப்பாற்றிவந்த அந்த இடம் அவளைவிட உறுதியாக இருந்தது. இது தெரிந்தபோது அவளுக்கு மகிழ்ச்சிக்கு முன் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். ஆடு மேய்க்கிறவள் ஓடி வந்து, "அடி பட்டுச்சா யக்கா?" என்றாள். "இல்ல" என்றாள் ரேணுகாம்பாள், எழுந்து உதறிக்கொண்டு. நிற்க வேண்டுமானால் முதலில் சீட்டைவிட்டு முன்னால் இறங்க வேண்டும், அப்புறம்தான் கால் ஊன்ற வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே நாலு தடவை செய்து பழகிக்கொண்டாள். கல்லேரிக்கு ஒன்பதரைக்குப் போனாள்.

மறுநாள் இன்னொரு விரல் ஏற்றினாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஜூலை முதல் வாரம் அதிகாரியின் ஜீப் கல்லேரிக்கு வந்தபோது மணி ஒன்றடிக்கப் பத்து நிமிடம். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தன. ஐம்பத்தெட்டுத் தட்டு. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சி கொஞ்ச நேரம் ஆவுது சார்" என்றாள் பாஞ்சாலை, கேட்காமலே. "நீங்க சாப்பிடறீங்களா? அடியில கொஞ்சம் கீது."

அவர் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். சூடாக இருந்தது. உப்பு கம்மி என்று நினைத்திருக்கலாம், சொல்லவில்லை. ரேணுகாம்பாள் பக்கம் திரும்பினார். "எழுதிட்டு வந்திருக்கீங்களாம்மா?"

"எழுதல சார்."

"அப்ப, புது ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்க. டிசம்பர்கூட ஆவலாம்."

"ஆவட்டும் சார். ஆனா ரெண்டு விஷயம். இந்த அடுப்பு மேல ஓடு ஒடைஞ்சி கீது, மழை வந்தா வெறகு நனையுது. அப்புறம் சோத்து அண்டாவுக்கு மூடி இல்ல. தட்டை வச்சி மூடுறோம், பாஞ்சாலை கைய சுட்டுக்குறா."

அதிகாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"மூடி எத்தன இஞ்சு?" என்று கேட்டு எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.